நிலைப்படத்தில் நகரும் பார்வை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடைபெற்றது. திரைப்படக்கலை அப்போது பிறந்திருக்கவில்லை. போர்க்களத்தின் ஒளிப்படங்களே எஞ்சின. அவற்றைப் பெருமளவு பயன்படுத்திக் கென் பர்ன்ஸ் உருவாக்கிய ஆவணத்தொடர் 1990இல் ஒளிபரப்பானது. அசையாப் படங்களின்மீது படக்கருவி மெல்ல நகர்ந்தது. ஒரு வீரனின் முகத்தை நெருங்கியது. பின்னர் விலகி அணிவகுப்பு முழுவதையும் காட்டியது. இம்முறை 2003இல் ஐமூவி மென்பொருளில் அவர் பெயராலேயே இடம்பெற்றது.

இதற்கு முன்னோடிகள் உண்டு. கனடா தேசியத் திரைப்பட வாரியத்திற்காகக் காலின் லோவும் உல்ஃப் கோனிக்கும் 1957இல் உருவாக்கிய ‘சிட்டி ஆஃப் கோல்டு’ அவற்றுள் சிறந்தது. கிளாண்டைக் பகுதிக்குப் பொன் தேடிச் சென்றோரின் வாழ்வை அது பழைய படங்கள்வழிக் காட்டுகிறது. அக்காலத்தில் எரிக் ஹெக் எடுத்த படமொன்றில், சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் மனிதர் எறும்புச் சாரையென ஏறுகின்றனர். ஒருவரின் முதுகுச்சுமையில் தொடங்கி மெல்ல விலகினால், தனியொருவரின் துன்பம் பெருங்கூட்டத்தின் துன்பமாக விரியும். சரிவு முழுவதையும் முதலில் காட்டி அவரை நெருங்கினால், கூட்டத்தினின்று ஒரு மனிதர் வெளிப்படுவார். படம் ஒன்றே, பொருள் வேறு. எனவே, தொடக்கத்தையும் முடிவையும் தீர்மானித்த பின்னரே மென்பொருளைத் திறத்தல் நன்று.

அகலப்பரப்புப் படங்களுக்கு இம்முறை இன்றியமையாதது. 12,000 படப்புள்ளி அகலமும் 3,000 படப்புள்ளி உயரமும் உடைய படத்தை 1920×1080 அளவுள்ள காணொலியில் சேர்ப்பதாகக் கொள்வோம். அகலம் முழுவதையும் அடக்கினால் படத்தின் உயரம் 480 புள்ளிகளாகச் சுருங்கும். மேலும் கீழும் 300 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். மாறாக, உயரத்தைத் திரைக்குப் பொருத்தினால் அகலம் 4,320 புள்ளிகளாகும். திரை 1,920 புள்ளிகளையே காட்டுவதால், நகர்வதற்கு 2,400 புள்ளிகள் கிடைக்கும். நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் காணொலியில் இத்தொலைவை 12 நொடிகளில் கடந்தால், சட்டகத்திற்கு 8 புள்ளிகள் வீதம் நகரும். மூன்றே நொடிகளில் கடந்தால் வீதம் 32 ஆகும். நுண்விவரங்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் படம் துள்ளுவதுபோலத் தோன்றும். பலரும் செய்யும் பிழை இவ்விரைவே.

நெருங்குவதற்கும் எல்லையுண்டு. தெரிவு செய்யும் பகுதி மூலப்படத்தில் 1920×1080 புள்ளிகளுக்குக் குறையுமாயின் தெளிவு மங்கும். சில மென்பொருள்கள் படத்தைச் சேர்க்கும்போதே திரையளவிற்குச் சுருக்கிவிடுகின்றன; அதன்பின் பெரிதாக்கினால் பெரிய மூலப்படம் இருந்தும் பயனில்லை. அந்த அமைப்பை முதலில் மாற்றிவிட வேண்டும்.

நகர்வின் தொடக்கநிலையையும் இறுதிநிலையையும் ‘கீஃப்ரேம்’ எனப்படும் குறிகளால் வரையறுப்பர்; இடைப்பட்ட நிலைகளை மென்பொருளே கணக்கிடும். திடுமெனப் புறப்பட்டுத் திடுமென நிற்கும் நகர்வு கண்ணை உறுத்தும். ஆதலின் மெல்லப் புறப்பட்டு மெல்ல அடங்குமாறு அமைத்து, இரு முனைகளிலும் ஓரிரு நொடிகள் படத்தை அசையாமல் நிறுத்துவர். பார்வையாளர் முகங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான்.