திருப்பல்லாண்டில் சிறு சுகங்களும் நன்றியறிதலும்

பெரியாழ்வார் அருளிச்செய்த திருப்பல்லாண்டின் எட்டாம் பாசுரத்தை, ஐச்வர்யத்தை விரும்பி வந்து திருந்தியவனுடைய வார்த்தையாகப் பூர்வாசாரியர்கள் வியாக்கியானித்தருளினர். ஐந்தாம் பாசுரத்தில் ஆழ்வாரால் அழைக்கப்பட்டவன், இங்கே தான் பெற்றவற்றை எண்ணிச் சொல்லுகிறான். நெய் கலந்த சோறு, பிரியாத அணுக்கத் தொண்டு, வெற்றிலை பாக்கு, கழுத்தணி, காதணி, உடலில் பூசும் சந்தனம் என்று அவன் சொல்லுமவற்றில் பெரும்பாலானவை அன்றாட வாழ்வின் சிறு சுகங்களே. இவற்றைத் தந்து எம்பெருமான் தன் ஆத்மாவையும் தூயதாக்கினான் என்று தலைக்கட்டுகிறான்.

போகப் பொருள்கள் பந்தத்துக்கு ஹேதுவாயிருக்க, அவை சுத்திக்குக் காரணமாவது எங்ஙனே என்னில்: பொருளைத் தேடி வந்தவன், தந்தவனைக் கண்டுகொண்டான். தான் ஈட்டியது என்று உண்டால் அஹங்கார மமகாரங்களை வளர்க்கும் சோறு, அவன் தந்தது என்று உண்டால் சேஷத்வ ஞானத்தை வளர்க்கும். அடுத்த பாசுரத்தில் கைங்கர்யபரர்கள் கொண்டாடுவனவும் உணவும் உடையும் பூவுமே. அவை அவன் அமுது செய்து மிகுந்தது, உடுத்து விட்டது, சூடிக் கழித்தது என்பதே அவற்றுக்கு ஏற்றம்.

ஆழ்வாரின் திருமகளாரும் இம்முறையையே காட்டினார். திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் நெய், பால், மை, மலர் ஆகியவற்றை விலக்கிய ஆய்ச்சியர், இருபத்தேழாம் பாட்டில் அணிகலன்களையும் ஆடையையும் நெய் வழியும் பாற்சோற்றையும் ஏற்கின்றனர். அவனோடு கூடியிருந்து, எல்லாரும் சேர்ந்து உண்பதே அங்குச் சுகமாகிறது.

இந்நன்றியறிதல் முதிருமிடம் மங்களாசாஸனம். மதுரையில் பொற்கிழி பெற்று யானைமேல் வலம் வந்த ஆழ்வார், கருடாரூடனாய் வந்த எம்பெருமானைக் கண்டபோது தமக்கென்று ஒன்றும் வேண்டவில்லை. அவ்வழகுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு காப்பிட்டார். பெற்றவன் தந்தவனுடைய க்ஷேமத்துக்கு அஞ்சுவதே இப்பிரபந்தத்தின் உயிர்நிலை.

ஆழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ளது சிவகாசி. 1923 முதல் தீப்பெட்டித் தொழிலும் பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அங்கு வளர்ந்தன. மழை குறைந்த அந்நிலத்து மக்களின் கைகள் வழியாகவே தீபாவளியின் ஒளி நாடெங்கும் சென்று சேர்கிறது. வெடிமருந்தோடு பழகும் அக்கைகளுக்கு விபத்தின் அச்சம் இன்றும் நீங்கவில்லை. சுகம் அனைத்தையும் தருபவன் அந்தர்யாமியான எம்பெருமானே என்று அறிந்தவன், அவன் எக்கைகளைக் கொண்டு தந்தானோ அக்கைகளின் க்ஷேமத்தையும் நாடக் கடவன். பெற்றதைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடும் நன்றி ஐந்தாம் பாசுரத்தளவில் நின்றதாகும். தந்தவர்க்குத் தீங்கு வாராமைக்கு அஞ்சி, அதற்கு ஆவன செய்யுமளவும் சென்றாலே அது பல்லாண்டு பாடியதாகும்.