பழவேற்காடு ஒல்லாந்தர் கல்லறைக் கல்வெட்டுகளைப் பட்டியலிடல்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய மீனவ ஊர் ஆகும். இங்குள்ள ஒல்லாந்தர் (டச்சு) கல்லறைத் தோட்டத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுத்துப் பொறித்த கற்கள் உள்ளன. இத்தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பின்னணி

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அதன் வணிகம் இங்கிருந்தே நடத்தப்பட்டது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று இடிபாடாக உள்ளது. கல்லறைக் கற்களே அக்காலத்தின் தெளிவான எழுத்துச் சான்றாக எஞ்சியுள்ளன.

பதிவு செய்யும் முறை

முதலில் ஒவ்வொரு கல்லுக்கும் தனி எண் தரப்படும். பின்னர் அது கிடக்கும் இடம், நீள அகலம், கல்லின் வகை, எழுத்தின் உயரம், குலச்சின்னம் முதலியவை குறிக்கப்படும். அடுத்து படியெடுக்கப்படும். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளம் மேடு தாளில் பதியச் செய்வர். இந்தியாவில் அதன்மேல் மை ஒற்றி எடுப்பது வழக்கம். பக்கவாட்டில் ஒளி விழச்செய்து எடுக்கும் நிழற்படமும் தேய்ந்த எழுத்தைப் படிக்க உதவும்.

கிரேக்கத்தில் ஏதென்சு நகரின் பண்டைய சந்தைவெளியான அகோராவில் 1931 முதல் நடைபெறும் அகழாய்விலும், எழுத்துள்ள பளிங்குத் துண்டு ஒவ்வொன்றும் தனி எண் பெறுகிறது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இடங்களில் கிடைத்த துண்டுகள் ஒரே கல்லின் பகுதிகள் எனப் பின்னாளில் கண்டறிய இந்தப் பதிவே வழிசெய்கிறது.

சிதைந்த எழுத்துகள்

அதே 1931இல் ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில் கல்வெட்டுப் பதிப்புக்கான குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. அதன்படி, சிதைந்து மறைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் நிரப்பினால் அதைச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும். ஐயமான எழுத்தின் கீழ் புள்ளி வைக்க வேண்டும். கல்லில் உள்ளது எது, ஆய்வாளரின் ஊகம் எது என்பது இதனால் பிரிந்து தெரியும்.

கல்லறை வாசகங்களில் 'இங்கே அடக்கம் செய்யப்பட்டார்' என்பது போன்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதால், பாதி உடைந்த வரியையும் ஓரளவு நிரப்ப முடியும். பெயரையும் ஆண்டையும் அவ்வாறு ஊகித்து நிரப்ப முடியாது. அவற்றுக்குப் பழைய பதிவே துணை.

முந்தைய பட்டியல்கள்

அலெக்சாண்டர் ரீ, சென்னை மாகாணத்தின் ஒல்லாந்தர் நினைவுச் சின்னங்களைப் பற்றி 1897இல் நூல் வெளியிட்டார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் 1905இல் வெளிவந்தது. உப்புக்காற்றில் எழுத்து மேலும் தேயும்போது, நூறாண்டுக்கு முந்தைய வாசிப்பை இன்றைய கல்லோடு ஒப்பிட இவை பயன்படுகின்றன.

முக்கியத்துவமும் வரம்பும்

இடம் குறிக்கப்படாமல் பெயர்க்கப்பட்ட கல், யாருடைய கல்லறையைச் சேர்ந்தது என்ற சான்றை இழக்கக்கூடும். கல்லை அசைப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

கல்வெட்டுகளில் பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் வணிகர்கள், அதிகாரிகள், அவர்களது குடும்பத்தார். துணி நெய்த நெசவாளர், படகோட்டிய மீனவர், இக்கரையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு அங்கே கல் இல்லை. பழவேற்காட்டின் வரலாற்றை முழுமையாக அறிய, கல்லறைப் பட்டியலுடன் கம்பெனி ஆவணங்களையும் ஊர்மக்களின் வாய்மொழிச் செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.