கிருமி காய்ச்சும் சோப்பு!

வேப்பனப்பள்ளியிலிருந்து தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வடக்கே போனால் கோலார் தங்கவயல். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைக்குள் இறங்கி உழைத்த ஊர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கத்தைச் சயனைடில் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய நைஸான மண் மட்டும் இன்னும் மேடு மேடாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வந்து படியும்.

இந்த மாதிரி மண்ணில் விஷ உலோகங்கள் இருந்தால் கழுவியெடுக்க முடியுமா? அதற்கான சோப்பைக் கிருமிகளே தயாரிக்கின்றன! வாங்க, ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு நீலத் தட்டு. சூடோமோனாஸ் எருஜினோசா என்கிற பாக்டீரியாவை அதில் வளரவிட்டால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கருநீல வளையம் விரியும். ஆஹா, நாம் தேடும் சோப்பான ராம்னோலிப்பிட் வந்தாச்சு! சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை கிளப்பும் சபோனினுக்கு இது தூரத்துச் சொந்தம்.

அடுத்தது சொட்டுச் சோதனை. எண்ணெய் தடவிய தட்டில் வெறும் தண்ணீர் குண்டாக உட்காரும். ராம்னோலிப்பிட் கலந்த சொட்டோ, விழுந்ததும் சப்பென்று பரவிவிடும்! நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறக்குறைய 30-க்கு இறக்கிவிடுகிற சூரன் அது. பெரிய கலனில் காற்றை ஊதினால் நுரை பொங்கி வழியும். அந்த நுரையை வழித்தெடுத்தும் சரக்கைச் சேர்க்கலாம்.

மண்ணுக்குள் போனதும்தான் நிஜமான வித்தை. ராம்னோலிப்பிட் மூலக்கூறின் எதிர்மின்னூட்டமுள்ள தலை, ஈயம், காட்மியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். மாண்ட்ரியலின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் சுய்லிங் வாங், கேத்தரின் மல்லிகன் இருவரும் ஒரு படி மேலே போய், சுரங்கக் கழிவிலிருந்து ஆர்சனிக்கையே ராம்னோலிப்பிட்டால் கிளப்பிக் காட்டினார்கள். காரத்தன்மை கூடியபோது வேலை இன்னும் ஜோராக நடந்தது. அந்த ஆய்வு 2009-ல் வெளியானது.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. உலோகம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. மேட்டின் மேல் அப்படியே ஊற்றினால் விஷம் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். கசியாத தொட்டியில் கழுவி, அந்த நீரிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தால்தான் வேலை முடியும். சூடோமோனாஸ் எருஜினோசா மனிதருக்கு நோயும் தரும் என்பதால், அதன் மரபணுக்களைச் சாதுவான சூடோமோனாஸ் புடிடாவுக்கு மாற்றியும் ராம்னோலிப்பிட் காய்ச்சுகிறார்கள். என்ன சாமர்த்தியம்!

மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கித் தங்கம் எடுத்த ஊர் அது. மேலே கொட்டியதைச் சுத்தம் செய்யவும் அதே வேகம் வேண்டும். சோதனைத் தொட்டிக்குள் தங்கவயல் மண் ஒரு வாளி விழட்டும். என்ன கரைந்து வருகிறது, எவ்வளவு தங்கிவிடுகிறது என்று அளந்து, கணக்கை ஊர் மக்கள் முன்னால் வைக்கட்டும்!