ஒரு மைதானமும் மூன்று ஆட்டங்களும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, பெரியமேட்டில் நிற்கும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதன் வரலாறு வெறும் கட்டடத்தின் வரலாறன்று. ஒரே நிலத்தை மூன்று ஆட்டங்கள் பங்கிட்டுக்கொண்ட வரலாறு.

முன்னாளில் அதற்குக் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர். 1956 முதல் 1965 வரை ஒன்பது கிரிக்கெட் டெஸ்ட் பந்தயங்கள் அங்கே நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான்; அச்சாதனை 2008 வரை நிலைத்தது. 1967இல் டெஸ்ட் பந்தயங்கள் சேப்பாக்கத்துக்குத் திரும்பின.

கிரிக்கெட்டுக்கு வேண்டியது, களிமண்ணை உருளையிட்டு இறுக்கிய 22 கஜ ஆடுகளம். கால்பந்துக்கு வேண்டியதோ, ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டு, எங்கும் ஒரே சீராய் அமைந்த புல்தரை. பெய்யும் மழையை அத்தரை உள்வாங்கி அடியிலே வடித்துவிட வேண்டும். நடுவே மண் இறுகிக் கிடந்தால் பந்து துள்ளும் விதம் மாறும்; விழுகிறவனின் முழங்காலும் சிராயும். ஆகவே ஒன்றுக்குக் குணமானது மற்றொன்றுக்குக் குறையாகிறது.

1993இல், நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டி, அரங்கம் புதுப்பித்துக் கட்டப்பெற்றது. 260 நாட்களில் பணி முடிந்ததாகச் சொல்வர். மின்னொளி விளக்குகள் வந்தன. இரவிலும் பந்து உருண்டது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் சென்னைக்கு வந்தன. இங்கே மூன்றாம் பங்காளியைக் காண்கிறோம். அதுவே ஓட்டப்பந்தயம். புல்தரையைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை அமைந்தால், ஓட்டக்காரருக்கு நன்மை. கால்பந்து ரசிகரோ ஆட்டத்தைவிட்டுத் தள்ளி அமர நேர்கிறது. கோலுக்குப் பின்புறம் பாதை வளைவதால் அங்கே தொலைவு இன்னும் மிகுதி. ஆயினும் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணிக்கு இதுவே சொந்த மைதானமாயிற்று. அவ்வணி 2015இலும் 2018இலும் கோப்பை வென்றது.

திருப்பத்தூர்க்காரனாகிய நான் சென்னை அரங்கத்தைப் பற்றி ஏன் பேசுகிறேன்? ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள எங்கள் ஊர் 2019இல் மாவட்டத் தலைநகராயிற்று. தலைநகருக்கு நல்ல விளையாட்டரங்கம் வேண்டுமென விரும்புவது இயல்பே. ஆனால் அரங்கம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன வளைவும் படிக்கட்டும் பெயர்ப்பலகையுமே. அவை திறப்பு விழாவன்று கண்ணைப் பறிக்கும். மண்ணுக்கடியிலுள்ள வடிகாலின் அருமையோ ஐப்பசி மழையில்தான் விளங்கும். ஓராட்டத்துக்கு மட்டுமே ஓரிடம் ஒதுக்கும் வசதி சிற்றூர்களுக்கு இல்லை, பங்கிட்டே தீரவேண்டும். அவ்வாறு பங்கிடும்போது எந்த ஆட்டம் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை முன்கூட்டியே எண்ணித் துணிதல் வேண்டும்.

முதலில் தரை, அடுத்து வடிகால், அதன்பின் விளக்கு, கடைசியிலே படிக்கட்டு. இவ்வரிசை தவறாதிருந்தால், மலையிலிருந்து இறங்கிவரும் சிறுவனும் கடைத்தெருச் சிறுவனும் ஒரே புல்தரையில் அஞ்சாது விழுந்து எழுவார்கள்.