விரும்பினால் சேர்க்கும் மாட்யூலும் வாக்குறுதி தர வேண்டும்

இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் திறமூல மென்பொருள்களில் ட்ரூபல் புகழ்பெற்றது. அதன் மையப் பகுதியுடன், கூடுதல் வசதிகளைத் தரும் பல மாட்யூல்கள் சேர்ந்தே வருகின்றன. வேண்டியவற்றை மட்டும் இயக்கிக்கொள்ளலாம். எல்லாத் தளங்களும் மையத்தின் மேல் நிற்பதால், அது புதுப்பித்தலுக்குப் பிறகும் முன்போலவே இயங்கியாக வேண்டும். விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் மாட்யூலுக்கும் அதே அளவு உறுதி தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். உறுதியின் அளவு மாட்யூலுக்கு மாட்யூல் வேறுபடலாம். ஆனால் அந்த அளவு என்ன என்பதைப் பயனரிடம் மறைக்கக் கூடாது.

2015 நவம்பரில் வெளிவந்த ட்ரூபல் 8, பதிப்பு எண்ணையே வாக்குறுதியாக்கியது. 8.5.3 என்பதில் கடைசி எண் மாறினால் பிழைதிருத்தம். நடு எண் மாறினால் பழையதைக் குலைக்காத புது வசதி. முதல் எண் மாறும்போதுதான் பழைய நிரல் இயங்காமல் போகலாம். இந்த வாக்குறுதிக்குள் வராத மாட்யூல்களுக்குப் 'பரிசோதனை நிலை' என்ற முத்திரை தரப்பட்டது. பக்கங்களை வடிவமைக்க உதவும் லேஅவுட் பில்டர், 2018 மார்ச்சில் 8.5 பதிப்பில் இந்த முத்திரையோடு வந்தது. 2019 மே மாதம் 8.7 பதிப்பில்தான் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. முதிராததை வெளியிடுவானேன் என்று கேட்கலாம். எழுதியவரின் கணினியில் தெரியாத குறைகள், விதவிதமான தளங்களில் பலர் பயன்படுத்தும்போதுதான் வெளிப்படும். முத்திரையை யார் படிக்கிறார்கள் என்றும் கேட்கலாம். அதனால்தான், அத்தகைய மாட்யூலை இயக்கும்போதே ட்ரூபல் எச்சரித்து ஒப்புதல் கேட்கிறது.

வலுவான எதிர்வாதம் இன்னொன்று: நிலையானது என்று வாக்குக் கொடுத்தால், ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள் பழைய நிரலைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியிருக்குமே! அப்படிச் சுமக்கத் தேவையில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டு நீக்கலாம். ட்ரூபல் 7-இலிருந்து 8-க்கு மாறியபோது பல மாட்யூல்களை ஏறக்குறைய புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. 2020 ஜூனில் வந்த ட்ரூபல் 9-இல் அந்த அவதி இல்லை. கைவிடப்படும் என்று 8-ஆம் பதிப்பின் காலத்திலேயே அறிவித்திருந்தவற்றையே அது நீக்கியது. அறிவிப்பைக் கவனித்துத் திருத்திக்கொண்ட மாட்யூல்கள் இரண்டு பதிப்புகளிலும் இயங்கின. ஆகவே, மாட்யூல் எழுதுவோர் அது எந்த நிலையில் இருக்கிறது, எதை எப்போது நீக்கப்போகிறார்கள் என்பதை முதல் வெளியீட்டிலிருந்தே எழுதிவைக்க வேண்டும். அதைப் படித்துப் பார்க்காமல் எந்த மாட்யூலையும் உங்கள் தளத்தில் சேர்க்காதீர்கள்.