டிராக்டர் கியர் ஆயில் – வீட்டிலேயே மாற்றலாம்



மாட்டு வண்டிக் காலத்தில், வைக்கோல் சாம்பலை எண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடாமல் யாராவது சந்தைக்கு வண்டி கட்டினார்களா? கட்ட மாட்டார்கள். இன்று திருத்தணி வட்டாரத்தில் சேற்றுழவு ஆனாலும் சரி, திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதானாலும் சரி, டிராக்டர்தான். என்ஜின் ஆயிலை நாம் மறப்பதில்லை. அது குறையும், கறுக்கும், கண்ணுக்குத் தெரியும். கியர் பெட்டி ஆயில் அப்படி இல்லை. எரிந்து தீராது. அதனால் "அது பாட்டுக்கு இருக்குதே" என்று விட்டுவிடுகிறோம். பல்சக்கரம் உடைந்து, நடவு நேரத்தில் வண்டி நின்றால்தான் நினைவு வருகிறது.

பல டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். காருக்கு 2, 3 லிட்டரில் வேலை முடியும். டிராக்டருக்கு 30 லிட்டருக்கு மேலும் பிடிக்கலாம். எத்தனை லிட்டர், என்ன ரகம், எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பதை வண்டியோடு தந்த கையேட்டில் பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கே விடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆயில் சூடேறினால் அடியில் தங்கிய கசடும் கலந்து இறங்கும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஆயில் ஊற்றும் மூடி, அடி போல்ட் இரண்டின் சுற்றுப்புறத்தையும் டீசல் நனைத்த துணியால் துடையுங்கள். ஒரு பிடி மண் உள்ளே போனாலும் அரம் போட்டது போலத்தான்.

இப்போது ஒன்றைச் சொல்லுகிறேன், மனதில் வையுங்கள். முதலில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்; அது திறந்த பிறகே அடி போல்ட்டில் கை வையுங்கள். எங்கள் வீட்டு வண்டியில் நான் இதை மாற்றிச் செய்தேன். பழைய ஆயில் முழுக்க இறங்கிவிட்டது. மேல் மூடியோ துருப்பிடித்து அசையவில்லை. மெக்கானிக் வந்து திறக்கும் வரை மூன்று நாள் வண்டி களத்து மேட்டிலேயே நின்றது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. படித்தவன் செய்த வேலையைப் பார் என்று ஊரே சிரித்தது!

அடி போல்ட் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். கையேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திறக்க வேண்டும். இறங்கும் ஆயிலைக் கவனியுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவில் சீல் வழியாகப் புகுந்திருக்கும். சீலைச் சரி செய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மை போன்ற இரும்புத் தூள் வழக்கமான தேய்மானம். நகத் துண்டு போலச் சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நன்றாக வடிந்ததும், ஹைட்ராலிக் வடிகட்டியைக் கழுவுங்கள். அல்லது கையேடு சொன்னபடி மாற்றுங்கள். அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்குங்கள். ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

ஆயில் ரகத்தில் ஏமாறாதீர்கள். நம்மவர்கள் 'ஆயில் பிரேக்' என்று சொல்கிற வண்டியில், பிரேக் தகடுகள் இந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதற்கென்று உள்ள டிராக்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். விலை மலிவு என்று சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் அலறும், வழுக்கும். கரும்பு லோடோடு இறக்கத்தில் வரும்போது அது உயிருக்கே ஆபத்து.

சுத்தமான புனல், கேன் வேண்டும்; பூச்சி மருந்து டப்பா கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பின்பக்கம் வரை பரவ நேரம் கொடுத்து, அளவுக் கோலைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் நுரைக்கும், சூடேறும், சீல் வழியே கசியும். பிறகு பத்து நிமிடம் ஓட்டி, ஹைட்ராலிக்கை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, அணைத்து, மறுபடி அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்ளலாம். அடியில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ஆயிலைக் கால்வாயிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நம் மாடு குடிக்கிறது. கேனில் அடைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

மாற்றிய தேதியையும் மீட்டர் காட்டும் மணிக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் முருகன் மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கும் அத்தனை நாட்கள். டிசம்பர் 31 படித் திருவிழா வரும்போதெல்லாம் அந்த நோட்டை ஒரு தடவை புரட்டுங்கள். ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டால், பருவத்தில் வண்டி உங்களைக் கைவிடாது.