விமானம் ஏறும் முன்பே ஆயிரம் ரூபாய்: பெங்களூரு விமான நிலையப் பயணக் கணக்கு

சென்னை சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் 40 ரூபாயில் விமான நிலையம் போய்விடலாம். மின்சார ரயிலில் வருபவர் திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். ஆண்டுக்கு 4 கோடிப் பேருக்கு மேல் வந்துபோகும் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு இப்படி எளிய வழி இல்லை. பெங்களூருத் தமிழர்களுக்கும், அங்கே போய் விமானம் பிடிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்கும் இது அன்றாடப் பிரச்சினை.

எப்படி வந்தது இந்தத் தூரம்?

2008 மே மாதம் வரை பயணிகள் விமானங்கள் நகருக்குள்ளேயே, எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இறங்கின. அந்த மாதம் 24ஆம் தேதி தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 35 கி.மீ. விமான நிலையம் இடம் மாறியது. ரயில் பாதை கூடவே வரவில்லை. நகரத்தின் பெரும்பகுதி வாகனங்கள் ஹெப்பால் சந்திப்பைத் தாண்டி, பல்லாரி சாலை என்ற ஒரே சாலையை நம்பிப் போக வேண்டியதாயிற்று. 2033 வரை 150 கி.மீ. சுற்றளவில் போட்டியாக இன்னொரு விமான நிலையம் வரக்கூடாது என்ற ஒப்பந்தமும் இருப்பதால், தென்பகுதி மக்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

டாக்சியா, பேருந்தா?

கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் நிர்ணயித்த கட்டணப்படி, 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட காருக்கு முதல் 4 கி.மீ.க்கு 100 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 24 ரூபாய். 35 கி.மீ. போனால் 844 ரூபாய். ஜி.எஸ்.டி.யும் சுங்கமும் சேர்ந்தால் 1,000 ரூபாயை ஒட்டி வந்துவிடும். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை 10 சதவீதம் கூடுதல். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சுமார் 55 கி.மீ. என்பதால், வரியும் சுங்கமும் சேர்க்கும் முன்பே 1,300 ரூபாயைத் தாண்டும்.

பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் (பி.எம்.டி.சி.) 'வாயு வஜ்ரா' குளிர்சாதனப் பேருந்து தனியாகப் போகிறவருக்கு நல்ல வழி. நகர மையத்திலுள்ள மெஜஸ்டிக்கிலிருந்து சுமார் 300 ரூபாய். பெட்டி வைக்க இடமுண்டு, இரவிலும் ஓடுகிறது. ஆனால் பெண்களுக்கு இலவசப் பயணம் தரும் 'சக்தி' திட்டம் இதில் செல்லாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் பேருந்துக்கே 1,200 ரூபாய். வீட்டு வாசலுக்கு வரும் டாக்சி அதே விலையில் கிடைக்கும்போது யார் பேருந்து நிறுத்தத்தைத் தேடுவார்கள்? அந்தக் கார்கள்தான் சாலையை அடைக்கின்றன. அந்த நெரிசலில் பேருந்தும் சிக்கி நிற்கிறது.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். அதிகாலையில் ஒரு மணி நேரத்தில் முடியும் பயணம், மாலையிலோ மழையிலோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். எவ்வளவு ஆகும் என்று தெரியாததால், ஒரு மணி நேர விமானப் பயணத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறார்கள்.

ரயில் இருக்கிறது, ஆனால்...

2021 ஜனவரியில் எலஹங்கா–சிக்கபள்ளாபூர் பாதையில் விமான நிலையத்துக்கென ஒரு ஹால்ட் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது நகரிலிருந்து கட்டணம் 10, 15 ரூபாய்தான். அங்கிருந்து முனையத்துக்கு இணைப்புப் பேருந்து பிடிக்க வேண்டும். இத்தனை மலிவான வழியைப் பலர் கண்டுகொள்ளாததற்குக் காரணம், ரயில்கள் மிகக் குறைவு. விமான நேரங்களோடு பொருந்துவதும் இல்லை. எலஹங்காவுக்கு அப்பால் ஒற்றைப் பாதை என்பதால் ரயில்களைக் கூட்டுவதும் எளிதல்ல. ஓசூரிலிருந்து எலஹங்கா வரை தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. பாதையை முழுக்க இரட்டையாக்கி மெமு எனும் புறநகர் மின்சார ரயில்களை அடிக்கடி விட்டால், ஓசூர்க்காரர் நகர நெரிசலைத் தொடாமலே விமான நிலையம் சேரலாம்.

சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம், ஹெப்பால் வழியாக விமான நிலையம் வரை சுமார் 58 கி.மீ. நீல நிற மெட்ரோ பாதைக்கு மத்திய அரசு 2021 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. விமான நிலையம் திறந்து 13 ஆண்டுகள் கழித்து! ஹாங்காங்கும் இதேபோல நகருக்குள் இருந்த விமான நிலையத்தைத் தொலைவுக்கு மாற்றியது. அங்கே 1998 ஜூலை 6ஆம் தேதி புதிய நிலையமும் அதற்கான விரைவு ரயிலும் ஒரே நாளில் ஓடத் தொடங்கின.

நமக்கான பாடம்

தமிழ்நாடு இப்போது பரந்தூரிலும் ஓசூரிலும் விமான நிலையங்களைத் திட்டமிடுகிறது. பரந்தூர் சென்னையிலிருந்து 60 கி.மீ.க்கு மேல். பூந்தமல்லியிலிருந்து அங்கே மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் தீட்டப்பட்டிருப்பது நல்ல செய்தி. ஆனால் ஓடுபாதை முதலில், ரயில் பிறகு என்று விட்டுவிட்டால் பெங்களூரு கட்டிய விலையை நாமும் கட்ட நேரும். முதல் விமானம் இறங்கும் நாளில் முதல் ரயிலும் வந்து நிற்க வேண்டும் என்பதைத் திட்ட அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.